பழைய மருந்துச் சீட்டு எத்தனை நாள் செல்லும்?

“அதே மாத்திரையைத்தானே மறுபடியும் எழுதப் போகிறீர்கள்? அதற்கு எதற்கு சார் நாங்கள் இவ்வளவு தொலைவு வர வேண்டும்?”

புறநோயாளிப் பிரிவில் இக்கேள்வி எழாத நாள் இல்லை. கேட்பவர் பெரும்பாலும் நோயாளியாக இருப்பதில்லை. உடன் வந்த மகனோ மகளோ மருமகளோ கேட்பார். கேள்வியில் நியாயம் இருக்கிறது. களம்பூரிலிருந்தும் ஆரணியைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் வருகிறவர்களுள் பலர் பட்டு நெசவுக் குடும்பத்தினர். சிலர் அரிசி ஆலைகளில் வேலை செய்பவர்கள். தறியில் அமர்பவருக்கு மாதச் சம்பளம் கிடையாது. நெய்த சேலைக்குத்தான் கூலி. நோயாளி ஒருவர், துணைக்கு ஒருவர் என இருவர் ஒரு நாள் வெளியூர் கிளம்பினால் அன்றைய நெசவு அப்படியே நின்றுவிடும். பயணச் செலவும் சாப்பாட்டுச் செலவும் தனி. இத்தனைக்கும் பிறகு மருத்துவர் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டுச் சீட்டில் ‘தொடரவும்’ என்று ஒரே சொல்லை எழுதினால் யாருக்கும் சலிப்பு வரத்தான் செய்யும்.

ஆகவே பல குடும்பங்கள் தாமே ஒரு வழி கண்டு வைத்திருக்கின்றன. மடிப்புகள் கிழிந்து எழுத்து மங்கிப்போன பழைய சீட்டை மாதந்தோறும் மருந்துக் கடையில் நீட்டுகிறார்கள். சில இடங்களில் சீட்டுகூட வேண்டியதில்லை. தீர்ந்துபோன மாத்திரை அட்டையைக் காட்டினாலே போதும். இப்படி இரண்டு ஆண்டு, மூன்று ஆண்டு ஓடிவிடுகிறது. இடையில் நோயாளிக்கு வயது கூடுகிறது, எடை குறைகிறது, சிறுநீரகம் தளர்கிறது. சீட்டு மட்டும் மாறுவதில்லை.

மேற்கண்ட கேள்விக்கு என் பதில் இது: மாதந்தோறும் பெரிய மருத்துவமனைக்கு வர வேண்டிய தேவை உங்களில் பெரும்பாலோருக்கு இல்லை. ஆனால் யாருமே பார்க்காமல் மருந்து தொடரக் கூடாது. ‘இந்த மருந்து இன்னும் தேவை, இதே அளவு போதும்’ என்று குறிப்பிட்ட கால இடைவெளியில் ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். அவர் உங்கள் ஊர் மருத்துவராகவே இருக்கலாம். அதற்கான வழியைச் சட்டமும் திறந்து வைத்திருக்கிறது, அரசுத் திட்டங்களும் திறந்து வைத்திருக்கின்றன. பலருக்கு இது தெரியாததால்தான் இந்தக் கட்டுரை.

சீட்டுக்கும் ஒரு கணக்கு உண்டு

நம் நாட்டில் மருந்து விற்பனையை நெறிப்படுத்துவது 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம். அதன்கீழ் 1945இல் விதிகள் வகுக்கப்பட்டன. அவற்றுள் 65ஆம் விதி மருந்துச் சீட்டைப் பற்றிப் பேசுகிறது. சீட்டில் மருத்துவரின் கையொப்பமும் தேதியும் இருக்க வேண்டும். நோயாளியின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். எவ்வளவு மருந்து தர வேண்டும், எந்த அளவில் உட்கொள்ள வேண்டும் என்பதும் குறிக்கப்பட்டிருக்க வேண்டும்.

அடுத்து வருவதுதான் நமக்கு முக்கியம். ஒரு சீட்டுக்கு ஒரு முறைதான் மருந்து தரலாம். ‘மேலும் இத்தனை முறை தரலாம்’ என்றோ ‘இத்தனை நாளுக்கு ஒரு முறை தரலாம்’ என்றோ மருத்துவர் அதே சீட்டில் எழுதியிருந்தால் மட்டுமே மறுபடியும் தரலாம்; அதுவும் எழுதியபடிதான். ஒவ்வொரு முறை மருந்து தரும்போதும் கடையின் பெயர், முகவரி, தந்த தேதி ஆகியவற்றைக் கடைக்காரர் அச்சீட்டிலேயே குறிக்க வேண்டும்.

மருத்துவர் சீட்டில் எழுதியிருந்தால் உங்கள் ஊர் மருந்துக் கடையிலேயே மூன்று மாதமோ ஆறு மாதமோ முறைப்படி மருந்து வாங்கலாம் என்பதுதான் இதன் பொருள். ‘30 நாளுக்கு, இதேபோல் மேலும் இரு முறை தரலாம், அதன்பின் மருத்துவரைப் பார்க்கவும்’ என்ற ஒரு வரி போதும். அந்த வரி எங்கே முடிகிறதோ, அங்கே சீட்டின் ஆயுளும் முடிகிறது. நம் சீட்டுகளில் அந்த வரி பெரும்பாலும் இருப்பதில்லை. ‘தொடரவும்’ என்பது எதுவரை என்று சொல்லாத சொல். கடைக்காரர் அதைத் தம் விருப்பப்படி படிக்கிறார். நோயாளி தம் விருப்பப்படி படிக்கிறார். ஆகவே சீட்டைக் கையில் வாங்கியதும், “இதை எத்தனை மாதம் வாங்கலாம், மறுபடி எப்போது யாரிடம் காட்ட வேண்டும்?” என்று கேளுங்கள். கேட்டால் மருத்துவர் கோபித்துக்கொள்வார் என்று தயங்க வேண்டாம். எழுதுவதற்குப் பத்து விநாடி ஆகும்.

சில மருந்துகளுக்குக் கட்டுப்பாடு இன்னும் இறுக்கமானது. தூக்க மாத்திரைகள் சில, வலிமை மிக்க வலி நிவாரணிகள் சில, பல நுண்ணுயிர்க்கொல்லிகள், காசநோய் மருந்துகள் ஆகியவை ‘எச்-1’ என்னும் தனி அட்டவணையில் உள்ளன. இவற்றை யாருக்கு, எந்த மருத்துவரின் சீட்டுக்கு விற்றோம் என்று கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். “போன தடவை தந்தீர்களே, இப்போது ஏன் சீட்டு கேட்கிறீர்கள்?” என்று கடைக்காரரிடம் சண்டை பிடிக்கும் முன் இதை நினைவில் கொள்க. சீட்டு கேட்கும் கடைதான் நல்ல கடை.

மாத்திரை அதேதான், உடல் அதே அல்ல

‘நன்றாகத்தானே இருக்கிறேன், அப்புறம் எதற்குப் பரிசோதனை?’ என்று கேட்பவர்களுக்குச் சர்க்கரை நோயிலிருந்து ஓர் எடுத்துக்காட்டைச் சொல்வது என் வழக்கம். கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகள் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்பவை. ஐம்பத்தைந்து வயதில், வயிறாரச் சாப்பிட்டு, நாள் முழுதும் உழைத்த ஒருவருக்கு இந்த மாத்திரையின் குறிப்பிட்ட அளவு சரியாக இருந்திருக்கும். அவருக்கே அறுபத்தைந்து வயதாகும்போது பல் போய்ச் சாப்பாடு குறைந்திருக்கும். நீண்ட நாள் சர்க்கரையால் சிறுநீரகமும் தளர்ந்திருக்கும். சிறுநீரகம் தளர்ந்தால் இத்தகைய மருந்தின் விளைவு உடலில் நெடுநேரம் நீடிக்கும். மாத்திரை அதேதான், ஆனால் இப்போது அது அவருக்கு மிகுதி. விடியற்காலையில் உடல் வியர்த்து, பேச்சு குழறி, கூப்பிட்டால் பதில் வராத நிலையில் கிடப்பார். வீட்டார் பக்கவாதம் என்று அஞ்சி வண்டி வைத்துத் தூக்கி வருவார்கள். இரத்தச் சர்க்கரையைப் பார்த்தால் மிகவும் இறங்கியிருக்கும். மூன்று ஆண்டுகளாகப் பழைய சீட்டுக்கே மாத்திரை வாங்கி வந்தார்கள் என்பது விசாரிக்கும்போதுதான் தெரியவரும். நினைவு தப்பாமல் விழுங்கும் நிலையில் இருந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கலாம். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108ஐ அழையுங்கள்.

மெட்ஃபார்மின் இவ்வளவு ஆபத்தானது அன்று. ஆயினும் பல ஆண்டுகள் உட்கொள்பவர்களில் சிலருக்கு வைட்டமின் பி-12 குறைந்து கால் மதமதப்பு உண்டாகும். அதைச் சர்க்கரையால் வந்த நரம்புப் பாதிப்பு என்றே எண்ணி விட்டுவிடுவதும் உண்டு. சிறுநீரகத்தின் திறன் மிகவும் குறைந்துவிட்டால் இம்மருந்தையே நிறுத்த வேண்டிவரும். அதை அறிய ஆண்டுக்கு ஒரு முறையாவது இரத்தத்தில் கிரியாட்டினின் பார்க்க வேண்டும். இரத்த அழுத்தத்துக்குத் தரும் எனலாபிரில், டெல்மிசார்டன் போன்ற மருந்துகளை உட்கொள்பவர்களுக்குக் கிரியாட்டினினோடு பொட்டாசியமும் பார்க்க வேண்டும்.

நெசவாளர் குடும்பங்களுக்குத் தனியே ஒன்று சொல்ல வேண்டும். குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு, முன்னே குனிந்து, நாள் முழுதும் அமர்ந்திருப்பவருக்கு இடுப்பு வலியும் தோள் வலியும் வராவிட்டால்தான் வியப்பு. முதன்முறை மருத்துவர் ஐந்து நாளுக்கு எழுதிய டைக்ளோஃபினாக் மாத்திரை, பிறகு சீட்டே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் தொடர்கிறது. இரத்த அழுத்த மாத்திரையும் இதுவும் ஒன்றாக வயிற்றில் இறங்கும்போது அழுத்தம் கட்டுக்குள் வராது, சிறுநீரகமும் கெடும். அழுத்தம் இறங்கவில்லையே என்று மருத்துவர் மாத்திரையைக் கூட்டுவார்; வலி மாத்திரை பற்றி அவரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இன்னும் ஆபத்தானது, மூச்சிரைப்புக்கும் மூட்டு வலிக்கும் கேட்டவுடன் கேட்கும் அந்தச் சின்ன மாத்திரை. பிரெட்னிசலோன், டெக்சாமெத்தசோன் ஆகிய ஸ்டீராய்டு மருந்துகளைச் சொல்கிறேன். உட்கொண்டால் பசி எடுக்கும், உடம்பு தெம்பாக இருப்பதுபோல் தோன்றும்; அதனாலேயே விட மனம் வராது. உள்ளே சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும். பல வாரங்கள் தொடர்ந்து உட்கொண்ட பிறகு திடீரென்று நிறுத்தினாலோ உயிருக்கே ஆபத்து. ஏனெனில் உடல் தானே சுரக்க வேண்டியதைச் சுரக்க மறந்திருக்கும். இதைத் தானாகத் தொடரவும் கூடாது, தானாக நிறுத்தவும் கூடாது. மருத்துவர் சொல்லும் வேகத்தில்தான் குறைக்க வேண்டும்.

மெதோட்ரெக்சேட் என்னும் மருந்து முடக்குவாதத்துக்கும் சொரியாசிஸ் நோய்க்கும் வாரத்துக்கு ஒரே ஒரு நாள் தரப்படுவது. வெவ்வேறு கைகள் மாறும் பழைய சீட்டில் ‘வாரம் ஒரு முறை’ என்பது மங்கிப்போய், நாள்தோறும் உட்கொண்டால் எலும்பு மஜ்ஜையே செயலிழக்கும், இறப்பும் நேரலாம். இந்த மருந்து வீட்டில் இருந்தால், எந்தக் கிழமை என்பதை அட்டையின் மேலேயே பேனாவால் பெரிதாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வார்ஃபரின், அசினோகூமரால் ஆகிய இரத்த உறைவைத் தடுக்கும் மருந்துகளும் இப்படித்தான், ஐ.என்.ஆர். பரிசோதனை இல்லாமல் பழைய அளவையே வாங்கிக்கொண்டிருப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு சாலையைக் கடப்பதற்கு ஒப்பாகும்.

இடையில் விட்டுப்போனால்

இதுவரை சொன்னது பார்க்காமலே தொடர்வதன் தீங்கு. மருந்து தீர்ந்துபோய்ச் சில நாள் விட்டுவிடுவதன் தீங்கும் குறைந்ததன்று. நாட்பட்ட நோய்களுக்கான மருந்துகளை மருத்துவர் சொன்னபடி உட்கொள்பவர்கள் வளர்ந்த நாடுகளிலேயே ஏறத்தாழப் பாதிப் பேர்தான் என்று உலக சுகாதார நிறுவனம் 2003இல் வெளியிட்ட அறிக்கை கூறியது. நம் பகுதியில் இதற்குக் காரணம் அக்கறையின்மை என்று நான் எண்ணவில்லை. பாவு முடிந்து கூலி கைக்கு வரட்டும், பிறகு வாங்கலாம் என்று தள்ளிப் போடுகிறார்கள். முகூர்த்தக் காலத்திலும் தீபாவளிக்கு முன்னும் வேலை நெருக்கடியில் மறந்துவிடுகிறார்கள்.

எல்லா மருந்தும் ஒரே மாதிரி அல்ல என்பதை அறிந்து வைத்திருப்பது நல்லது. தைராய்டு மாத்திரை ஓரிரு நாள் விட்டுப்போனால் பெரிய தீங்கு நேராது. உடலில் அது நெடுநாள் தங்கும். வலிப்பு நோய் மருந்து அப்படியல்ல. ஒரு நாள் தவறினாலே நின்றிருந்த வலிப்பு திரும்பக்கூடும், சிலருக்கு விடாமல் தொடரும். இதயக் குழாயில் ஸ்டென்ட் பொருத்தப்பட்டவர், குறிப்பாக முதல் ஆண்டில், ஆஸ்பிரினையோ குளோபிடோக்ரலையோ தாமாக நிறுத்தினால் ஸ்டென்ட் திடீரென்று அடைத்துக்கொள்ளலாம். அட்டினலால், மெட்டோபுரலால் ஆகியவற்றைச் சட்டென்று விட்டால் நெஞ்சு வலியும் படபடப்பும் பெருகும். இன்சுலின், நெடுநாள் ஸ்டீராய்டு, மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களின் மருந்துகள் ஆகியவை ஒரு வேளைகூடத் தவறக் கூடாதவை. உங்கள் வீட்டு மருந்துகளில் எது இந்த வகை என்று மருத்துவரிடம் கேட்டு, அந்த அட்டையின்மேல் ஒரு சிவப்புப் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். விட்டுப்போன வேளைக்கு ஈடாக அடுத்த வேளையில் இரண்டாக விழுங்குவது எந்த மருந்துக்கும் பொதுவான வழியன்று.

ஒரு சிறு கணக்கு. மாதம் 30 மாத்திரை என்று ஆண்டுக்குப் பன்னிரண்டு முறை வாங்கினால் 360 மாத்திரை. ஆண்டுக்கு நாட்கள் 365. அந்த ஐந்து நாள் எங்கிருந்து வரும்? 31ஆம் தேதிகளில் மாத்திரை இல்லாமல் போவதற்கு இதுவே காரணம். அட்டைகளும் ஒரே அளவில் வருவதில்லை. சில பத்து மாத்திரை, சில பதினைந்து. ஒன்று 10ஆம் தேதி தீரும், மற்றொன்று 18ஆம் தேதி தீரும், மூன்றாவது 25ஆம் தேதி. மூன்று முறை கடைக்கு நடந்தால் ஏதோ ஒன்று விட்டுத்தான் போகும். ஒரே ஒரு முறை சற்றுக் கூடக் குறைய வாங்கி, எல்லாம் ஒரே நாளில் தீரும்படி செய்துகொள்ளுங்கள். பிறகு எப்போதும் ஏழு நாள் மருந்து கையிருப்பு இருக்கும்போதே அடுத்ததை வாங்குங்கள். களம்பூர் அரிசி வாங்கும் வீட்டில் பானை காலியான பிறகா அரிசிக்கு ஆள் அனுப்புகிறோம்?

ஊரிலேயே பெறும் வழிகள்

அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தின் தொற்றா நோய்ப் பிரிவில் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரை நோய்க்கும் மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. ஆரணி அரசு மருத்துவமனையிலும் பெறலாம். “அரசு மாத்திரையில் வீரியம் இருக்குமா?” என்று தாழ்ந்த குரலில் கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இம்மருந்துகளை மாநிலம் முழுமைக்கும் கொள்முதல் செய்து தருவது 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். கழகம் வாங்கும் மருந்துகளின் மாதிரிகள் ஆய்வகப் பரிசோதனைக்கு அனுப்பப்படுகின்றன. இந்த ஏற்பாட்டைப் பின்பற்றி வேறு மாநிலங்களும் கழகங்கள் அமைத்திருக்கின்றன. மெட்ஃபார்மின் எந்த அட்டையில் வந்தாலும் மெட்ஃபார்மின்தான். உண்மையான ஆபத்து வேறு இடத்தில் உள்ளது: அரசு மாத்திரையையும் வேறு பெயரில் கடையில் வாங்கிய அதே மாத்திரையையும் இரண்டு மருந்து என்று எண்ணி இரண்டையும் உட்கொள்வது. நிறம் மாறினாலோ, அட்டையின் பெயர் மாறினாலோ, விழுங்கும் முன் மருந்தாளுநரிடம் கேளுங்கள். சீட்டில் வணிகப் பெயரோடு மருந்தின் மூலப் பெயரையும் எழுதித் தருமாறு மருத்துவரிடம் கேட்பது இந்தக் குழப்பத்துக்கு நல்ல மருந்து.

நடக்க இயலாத முதியோர் உள்ள வீடுகளுக்கு ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் பெரிய துணை. 2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட இத்திட்டத்தில், மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, தொடர் மருந்தையும் தந்துவிட்டுச் செல்கிறார். படுக்கையில் உள்ளோருக்கு இயன்முறைச் சிகிச்சையும் உண்டு. ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதொன்று 2024இல் இத்திட்டத்துக்குக் கிடைத்தது. விருதைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது, மருந்து தருவதற்கு முன் ஒருவர் அழுத்தத்தை அளந்து பார்க்கிறார் என்பதே. உங்கள் தெருவுக்கு வரும் தன்னார்வலரை அறியாவிட்டால், துணை சுகாதார நிலையச் செவிலியரிடம் பெயரைப் பதிவு செய்துகொள்ளுங்கள். தன்னார்வலர் குறித்துச் செல்லும் அளவுகளை ஒரு நோட்டில் நீங்களும் எழுதி வையுங்கள். எங்களிடம் வரும்போது அந்த நோட்டு எந்தப் பரிசோதனைக்கும் குறையாத உதவி.

அரசு நிலையத்தில் இல்லாத சிறப்பு மருந்துகளுக்கு உங்கள் ஊர் மருத்துவரே துணை. பல குடும்பங்கள் அவரை வெறுமனே சீட்டு எழுதித் தருபவராக நினைத்துவிடுகின்றன. “பெரிய ஆஸ்பத்திரி சீட்டு இருக்கிறது, அப்படியே எழுதிக் கொடுங்கள்” என்று கேட்டால் அவர் கை கட்டப்படுகிறது. அவருக்குத் தேவையானது எங்களிடமிருந்து ஒரு கடிதம்: நோய் என்ன, எந்த மருந்து எதுவரை, எந்தப் பரிசோதனை எத்தனை மாதத்துக்கு ஒரு முறை, எந்த நிலை வந்தால் திருப்பி அனுப்ப வேண்டும். வீடு திரும்பும் நாளில் இக்கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். அது கையில் இருந்தால், நிலையான இரத்த அழுத்தமோ சர்க்கரையோ தைராய்டோ உள்ளவர் ஆறு மாதமோ ஓர் ஆண்டோ கழித்து எங்களிடம் வந்தால் போதும்.

அவரிடம் செல்லும்போது வீட்டிலுள்ள எல்லா மருந்தையும் ஒரே பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். வலி மாத்திரை, சித்த மருந்து, பக்கத்து வீட்டார் தந்த சூரணம் எதுவும் விடுபட வேண்டாம். அட்டையைக் கத்தரித்து வாங்கும்போது பெயரும் காலாவதித் தேதியும் உள்ள பகுதியைக் கேட்டு வாங்குங்கள். பெயரில்லாத இரண்டு வெள்ளை மாத்திரைகளை உள்ளங்கையில் வைத்து “இது என்னது பாருங்கள்” என்றால் எந்த மருத்துவராலும் சொல்ல இயலாது.

இன்சுலின் பற்றி ஓர் எச்சரிக்கை. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி வெப்பத்தில் வைக்க வேண்டும். உறைய விடக் கூடாது. குளிர்பெட்டி இல்லாத வீட்டார் மூன்று மாதத்துக்குச் சேர்த்து வாங்க வேண்டாம். பயன்பாட்டில் உள்ள குப்பியை நம் பகுதியின் சித்திரை வெயிலில் மண்பானை காப்பாற்றும்: பெரிய பானைக்குள் மணல் பரப்பி நீர் ஊற்றி, அதனுள் சிறிய பானையை வைத்து, குப்பியை நீர் புகாத டப்பாவில் இட்டு உள்ளே வையுங்கள். திறந்த குப்பியைப் பொதுவாக நான்கு வாரத்துக்குமேல் பயன்படுத்தக் கூடாது. பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை கிரிவலம் செல்லும் சர்க்கரை நோயாளிகள் இதையும் நினைவில் வைக்கவும்: 14 கிலோமீட்டர் நடைக்கு மருந்தின் அளவை மாற்ற வேண்டியிருக்கலாம், கையில் ஏதேனும் இனிப்பு இருக்கட்டும்.

தொலைவில் இருக்கும் பிள்ளைகளுக்கு

சென்னையிலோ பெங்களூரிலோ வேலை செய்துகொண்டு, களம்பூரில் தனியே இருக்கும் பெற்றோருக்கு மருந்து ஏற்பாடு செய்யும் பிள்ளைகள் இவ்விதழை நிறையப் படிக்கிறீர்கள். லண்டனிலிருந்து வந்திருந்த ஒரு மகள், “எங்கள் ஊரில் செயலியில் கேட்டால் மருந்து வந்துவிடும், இங்கே ஏன் இல்லை?” என்று கேட்டார். பிரிட்டனில் குடும்ப மருத்துவரின் சர்ஜரிக்குத் தொடர் மருந்து கேட்டு விண்ணப்பிக்கலாம் என்பது உண்மை. ஆனால் அந்தச் சர்ஜரி அனுமதித்த மருந்தை மட்டுமே கேட்கலாம். அனுமதிக்கப்பட்ட முறைகள் தீர்ந்ததும் மருத்துவரோ மருந்தாளுநரோ மருந்துகளை மறுபார்வை செய்த பிறகே மேலும் கிடைக்கும். செயலி இருக்கிறது, அதன் பின்னால் பார்ப்பதற்கு ஆளும் இருக்கிறார்.

நம் நாட்டிலும் 2020 மார்ச்சில் வெளியான தொலைமருத்துவ நெறிமுறைகள் இதற்கு ஓரளவு வழி செய்துள்ளன. ஒரு நோய்க்காக ஒரு மருத்துவரை நேரில் கண்டவர், ஆறு மாதத்துக்குள் அதே நோய்க்கு அதே மருத்துவரைத் தொலைபேசியிலோ காணொளியிலோ தொடர்பு கொண்டு தொடர் மருந்துக்குச் சீட்டுப் பெறலாம். மருத்துவர் தேவையென்று கருதினால் நேரில் வரச் சொல்லலாம். போதைத் தன்மையுள்ள மருந்துகளை இம்முறையில் எழுத இயலாது. அழைக்கும் முன் அன்றைய அழுத்தம், சர்க்கரை, எடை ஆகியவற்றை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். அளவு எதுவும் இல்லாமல் தொலைபேசியில் “நன்றாக இருக்கிறார்கள்” என்று மட்டும் சொன்னால் மருத்துவருக்கு அது உதவாது. மருத்துவ ஆலோசனைக்கு அரசின் 104 என்ற எண்ணும் இருக்கிறது.

பெற்றோரின் சீட்டை, பின்புறம் எழுதியிருந்தால் அதையும் சேர்த்து, கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சீட்டு மாறும்போதெல்லாம் பழைய படத்தை அழித்துவிடுங்கள். நிறுத்தச் சொன்ன மருந்தின் மீதி அட்டைகளை, ஊருக்குப் போகும்போது நீங்களே அலமாரியிலிருந்து எடுத்து அகற்றிவிடுங்கள். “காசு கொடுத்து வாங்கியது, வீணாகலாமா” என்று அம்மா அதை எடுத்து ஒளித்து வைத்திருப்பார், கேட்டுப் பாருங்கள்.